சாலையும் கலமும்

திருவனந்தபுரத்தில் கிழக்குக் கோட்டை வாயிலிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கிச் செல்லும் கடைத்தெருவுக்குச் சாலை என்பது பெயர். மலையாளத்தில் அதனைச் சாலக் கம்போளம் என்பர். அரிசியும் பருப்பும், வெற்றிலையும் வாழைக்குலையும், பித்தளையும் வெண்கலமும், பூவும் துணியும் அங்கே குவிந்து கிடக்கும். திருவிதாங்கூர்த் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடைத்தெருவை வளர்த்தார் என்பது வரலாறு. தெற்கே நாஞ்சில் நாட்டிலிருந்தும் கிழக்கே நெல்லைச் சீமையிலிருந்தும் வந்து குடியேறிய தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாக அங்கே கடை வைத்து வாழ்ந்து வருகின்றனர். தமிழ்ச் சிறுகதைத் துறையில் புகழ்பெற்ற ஆ. மாதவன் அத்தெருவில் கடை நடத்தியவரே. அவருடைய கதைமாந்தர் பலரும் அத்தெருவில் நடமாடியவர்களே.

கடலைப் பற்றிய ஆங்கிலச் சொல் ஒன்றன் பொருளையும் பிறப்பையும் ஆராயப் புகுந்த நாம், கடைத்தெருவில் தொடங்குவது எதற்கு என்று நேயர்கள் வினவலாம். நாம் எடுத்துக்கொண்ட சொல் 'வெசல்' என்பது. கப்பலுக்கு ஆங்கிலேயர் வழங்கும் பொதுப்பெயர்களுள் அதுவும் ஒன்று. துறைமுகச் செய்திகளிலும் கடற் சட்டங்களிலும் அச்சொல்லை நாள்தோறும் காணலாம். ஆனால் அதே சொல்லுக்குப் பாத்திரம் என்ற பொருளும் உண்டு. சாலைத் தெருவில் வெண்கல உருளி விற்பவரும் வெசல் விற்கிறார். விழிஞம் துறைமுகத்துக்கு வந்து நிற்பதும் வெசல்தான். சமையலறைக்கும் கடலுக்கும் ஒரே சொல் எவ்வாறு பொருந்தியது என்பதே நம் கேள்வி.

சொல்லின் பிறப்பை முதலில் காண்போம். லத்தீன் மொழியில் 'வாஸ்' என்றால் ஏனம். பூச்சாடிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'வேஸ்' என்னும் பெயரும் அதன் வழிவந்ததே. அந்த வாஸ் என்பதினின்று சிறிய ஏனத்தைக் குறிக்க 'வாஸ்குலம்' என்ற சொல்லும், பிற்கால லத்தீனில் 'வாஸ்கெல்லும்' என்ற சொல்லும் உண்டாயின. அது பழைய பிரெஞ்சு மொழியில் புகுந்து, அங்கிருந்து ஏறத்தாழ 1300-ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்தை அடைந்தது. வரும்போதே ஏனம், கப்பல் என்னும் இரு பொருளையும் சுமந்து வந்தது. இன்றும் பிரெஞ்சு மொழியில் 'வெஸ்ஸோ' என்பது கப்பல். 'வெஸ்ஸேல்' என்பது உணவு மேசையில் வைக்கும் தட்டுமுட்டுக்கள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவரில் ஒருவன் கடலோடினான், மற்றவன் அடுக்களையில் தங்கினான்.

சிறிய கிண்ணத்தைக் குறித்த சொல் பெருங்கப்பலைக் குறிக்கலாயிற்று என்பது வியப்பாகத் தோன்றலாம். ஆயின் பொருளின் தன்மையை நோக்கினால் வியப்பு நீங்கும். ஏனம் என்பது குழிந்த உட்புறம் உடையது. ஒன்றை ஏற்றுத் தாங்குவது. கிண்ணம் தன்னுள் நீரை வைத்துப் புறத்தே சிந்தாமற் காக்கிறது. கப்பல் நீரைப் புறத்தே நிறுத்தி உள்ளே புகாமற் காக்கிறது. இரண்டிலும் வேலை செய்வது ஒரு மெல்லிய சுவரே. அந்தச் சுவரில் ஓட்டை விழுந்தால் இரண்டும் பயனற்றுப் போகும். காவிரியில் ஒகேனக்கலில் ஓடும் பரிசலைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மூங்கிற் கூடை ஒன்றே அங்கு ஓடமாகிறது. கிரேக்க மொழியிலும் 'ஸ்காஃபே' என்பது கிண்ணத்துக்கும் சிறு படகுக்கும் பொதுப்பெயர். வடமொழியில் 'த்ரோணி' என்பது மரத்தொட்டி, ஓடம் என்னும் இரண்டையும் குறிக்கும்.

இப்பொழுது நம் தமிழுக்கு வருவோம். ஆங்கிலேயர் வெசல் என்பதற்கு நேராகத் தமிழில் அமைந்த சொல் கலம். அதுவும் இரு பொருளை மட்டுமன்றிப் பல பொருளைத் தாங்கும் சொல். மண்ணால் ஆயது மட்கலம். உண்பதற்கு உரியது உண்கலம். அணிவது அணிகலம். போரில் ஏந்துவது படைக்கலம். மரத்தால் ஆகிக் கடலில் செல்வது மரக்கலம். யாழுக்கும் கலம் என்ற பெயர் உண்டு. அதுவும் உட்குழிந்த கருவியன்றோ! 12 மரக்கால் கொண்ட முகத்தலளவையும் கலமே. குயவனைக் கலஞ்செய்கோ என்று முன்னோர் அழைத்தனர். இரவில் கப்பல்களை அழைத்து வழிகாட்டும் விளக்கைக் கலங்கரை விளக்கம் என்றனர். கரைதல் என்பதற்கு அழைத்தல் என்பது பொருள். கலத்தைக் கரைந்து அழைக்கும் விளக்கு அது. குயவன் சக்கரத்தில் சுழலும் சட்டியும், சேர நாட்டு முசிறித் துறைக்குப் பொன்னோடு வந்து மிளகோடு மீண்ட யவனர் கப்பலும் தமிழன் வாயில் ஒரே பெயரைப் பெற்றன. ஒருவரிடமிருந்து மற்றவர் இரவல் வாங்காமல், தமிழரும் லத்தீன் மொழியாளரும் தனித்தனியே ஒரே வழியிற் சென்றிருப்பது மாந்தர் உள்ளத்தின் ஒற்றுமையைக் காட்டுவது.

பிற மாநிலங்களில் வாழும் நேயர்கள் தத்தம் அண்டை மொழிகளையும் இவ்வாறு நோக்கினால் இன்பம் பெறுவர். இந்தியில் கப்பலுக்கு 'ஜஹாஸ்' என்பர். அரபு மொழியில் அச்சொல்லின் அடிப்பொருள் தட்டுமுட்டு, சாதனம் என்பதாம். மணப்பெண்ணுக்குக் கொடுக்கும் சீர்வரிசையை இந்தியிலும் உருதுவிலும் 'தஹேஜ்' என்றும் 'ஜஹேஜ்' என்றும் வழங்குகின்றனர். அவையும் அந்த வேரினின்று வந்தவையே. சீர்வரிசையும் கப்பலும் அங்கே உறவாகின்றன. அணிகலமும் மரக்கலமும் இங்கே உறவாகின்றன. தெலுங்கில் கப்பலுக்கு 'ஓட' என்று பெயர். அது நம் ஓடத்தின் உடன்பிறப்பு. மலாய் மக்கள் 'காப்பால்' என்பது நம் கப்பலே. தில்லியில் வாழும் தமிழ்க் குழந்தை பள்ளியில் 'கலம்' என்று சொன்னால் ஆசிரியர் எழுதுகோலை எடுத்து நீட்டக்கூடும். அது அரபு வழிவந்த வேறு சொல். ஒலி ஒன்றாயிருப்பதனாலேயே உறவு என்று கொள்ளலாகாது என்பதற்கு அது நல்ல சான்று.

சாலைத் தெருவில் வழங்கும் மலையாளத்திலோ கலம் என்பது மண்பானை. ஆண்டுதோறும் மாசி மாதத்தில், அம்மக்கள் கும்பம் என்னும் மாதத்தில், ஆற்றுக்கால் பகவதி கோயிற் பொங்காலைக்கு நகரத்துத் தெருக்களெல்லாம் அடுப்பு மூட்டிப் பெண்கள் பொங்கலிடுவர். 2009-ஆம் ஆண்டில் 25 இலட்சம் பெண்கள் கூடினர் என்று கின்னஸ் ஏடு பதிந்துள்ளது. அத்தனை அடுப்பின்மேலும் இருப்பது கலம். ஆக, திருவனந்தபுரத்துத் தமிழ்க் குழந்தைக்குக் கலம் என்றவுடன் பொங்கற் பானை நினைவுக்கு வரும். கப்பல் நினைவுக்கு வருவதில்லை. இலக்கியம் கற்ற தமிழனுக்கோ கப்பலே முதலில் தோன்றும். இவ்விரு நினைவுக்கும் நடுவில்தான் ஆயிரம் ஆண்டுப் பழைய சிக்கல் ஒன்று முடிச்சிட்டுக் கிடக்கிறது. அம்முடிச்சு இருக்கும் இடமும் சாலையே.

கடைத்தெருவைக் கடந்து அப்பாற் சென்றால் ஆரியசாலை, வலியசாலை என்னும் இடங்கள் உள்ளன. வலியசாலையில் காந்தளூர் மகாதேவர் கோயில் இருக்கிறது. தஞ்சைப் பெருங்கோயிலை எடுப்பித்த முதலாம் இராசராச சோழன் 985 முதல் 1014 வரை ஆண்டவன். அவன் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளிலேயே பெற்ற சிறப்புப் பெயர், காந்தளூர்ச் சாலையில் கலமறுத்தவன் என்பது. அந்தக் காந்தளூர்ச் சாலை இந்த வலியசாலையே என்பது அறிஞர் பலர் கொள்கை. விழிஞத்தை அடுத்த கடற்கரையில் அதனைத் தேடுவாரும் உளர். இடத்தைப் பற்றிய வேறுபாட்டைக் காட்டிலும் பெரிது, அவன் அங்கே செய்தது யாது என்ற வேறுபாடு. கலம் என்னும் ஒரு சொல்லுக்கு எப்பொருளைக் கொள்வது என்பதைப் பொறுத்து வரலாறே மாறுகிறது.

ஒரு சாரார் கலம் என்பது மரக்கலமே என்பர். சேரருடைய கப்பற்படை சாலைத் துறையில் நின்றது. சோழன் அதனை அழித்தான் என்பது அவர்கள் கூற்று. சோழர் வரலாற்றை விரிவாக எழுதிய நீலகண்ட சாஸ்திரியார் இக்கருத்தையே மேற்கொண்டார். இதற்கு வலிவான சான்று ஒன்று உண்டு. இராசராசனுடைய பேரனாகிய முதலாம் இராசாதிராசனும் அவ்விடத்தில் கலமறுத்ததாகக் கூறிக்கொள்கிறான். அவனுடைய மெய்க்கீர்த்தி, காந்தளூர்ச் சாலையைக் கடலோடு பொருந்திய இடமாக வருணிக்கிறது. கடலருகே கலம் என்றால் கப்பல் என்று கொள்வது இயல்புதானே? மேலும், விழிஞத்தைச் சோழர் வென்றதைத் திருவாலங்காட்டுச் செப்பேடும் கூறுகிறது. தென் கடற்கரையில் சோழர் செய்த போர் ஐயத்துக்கு இடமற்றது.

மற்றொரு சாரார் கலம் என்பது உண்கலமே என்பர். சாலை என்னும் சொல்லை அவர்கள் பற்றிக்கொள்கின்றனர். இன்று நமக்குச் சாலை என்றால் பெருவழி. அன்றோ அது மண்டபம், கூடம்; அறச்சாலை, பாடசாலை என்பவற்றில் அப்பொருள் இன்றும் நிற்கிறது. ஆய் மன்னனான கருநந்தடக்கன் 866-ஆம் ஆண்டில் பார்த்திவசேகரபுரத்தில் ஒரு திருமால் கோயிலை எடுப்பித்து, அதனோடு ஒரு சாலையையும் அமைத்தான். அவ்வூர் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் முன்சிறைக்கு அருகே பார்த்திவபுரம் என வழங்குகிறது. அச்சாலை 95 மாணவருக்கு உரியது என்றும், காந்தளூரில் உள்ள முறைமைப்படி நடைபெற வேண்டுவது என்றும் அவனது செப்பேடு விதிக்கிறது. அம்மாணவரைச் சட்டர் என்பர். ஆகவே இராசராசனுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே காந்தளூர்ச் சாலை, பிற சாலைகளுக்கு எடுத்துக்காட்டாகத் திகழ்ந்த கல்விக்கூடம் என்பது உறுதி. அங்கே மாணவர் உண்டும் உறைந்தும் கற்றனர். அத்தகைய இடத்தில் கலம் என்றால் சோறு படைக்கும் கலமன்றி வேறென்ன என்பது இவர்கள் வினா.

இனி அறுத்தல் என்னும் சொல்லும் ஒரு பொருளோடு நிற்பதன்று. வெட்டுதலும் அறுத்தல், வரம்பு கட்டுதலும் அறுத்தல். வரையறுத்தல் என்கிறோம், விலையை அறுதியிட்டான் என்கிறோம். உண்கலம் என்று கொண்டாரிலும் சிலர், சோழன் அங்கு நிகழ்ந்த ஊட்டினை நிறுத்திவிட்டான் என்பர். வேறு சிலர், இத்தனை பேருக்கு இத்தனை கலம் என்று வரையறை செய்து ஒழுங்குபடுத்தினான் என்பர். இன்னும் சிலர் படைக்கலத்தை நினைந்து, சாலையில் இருந்தோர் கற்ற படைப்பயிற்சியை அவன் ஒழித்தான் என்றும் கருதுவர். கப்பல், சோறு, ஆயுதம் ஆகிய மூன்றும் ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

கல்வெட்டை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்களின் நிலைமை இங்கு நினைக்கத்தக்கது. சிலர் 'ஷிப்' என்று எழுதினர். அவ்வாறு எழுதிய கணத்திலேயே சோறும் ஆயுதமும் மறைந்து போயின. சிலர் 'வெசல்' என்று எழுதினர். அவர்கள் கையில் ஐயம் குலையாமல் அப்படியே கடல் கடந்து போயிற்று. ஏனென்றால் வெசல் என்பதும் கலம் போலவே இருபாலும் நிற்கும் சொல். ஐயமுள்ள இடத்தில் ஐயமுள்ள சொல்லையே இடுவது மொழிபெயர்ப்பில் ஒரு நேர்மை என்பது எம் கருத்து.

இது புலவர்கள் தம்முள் பொருதும் சொற்போர்தானே, கடையில் துலாக்கோல் பிடிப்பவருக்கு இதனால் ஆவதென்ன என்று எண்ணற்க. வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இது அண்டை வீட்டாரைப் பற்றிய செய்தி. சாலையில் கடை வைத்திருக்கும் தமிழர் ஒருவர், எங்கள் மன்னன் உங்கள் கப்பல்களை ஆயிரம் ஆண்டுக்கு முன் அழித்தான் என்று பெருமை பேசினால், பக்கத்துக் கடை மலையாளி, கல்வி கற்கும் பிள்ளைகளின் சோற்றில் மண் போட்டான் உங்கள் மன்னன் என்று விடை கூறலாம். இருவரும் சான்று காட்டுவது ஒரே சொல்லை. அச்சொல்லின் பொருளோ முடிவு கட்டப்படாதது. முடியாத வழக்கில் தீர்ப்பு எழுதிக்கொண்டு ஒருவரை ஒருவர் புண்படுத்துவது அறிவுடைமையாகுமா? முதலாம் குலோத்துங்கனும் சாலையில் இருமுறை கலமறுத்ததாகக் கூறிக்கொண்டான். மன்னர் பலர் அதனை மீண்டும் மீண்டும் சொல்லிக்கொண்டது, அவ்விடம் அக்காலத்தில் எத்துணை மதிக்கப்பட்டது என்பதைக் காட்டுகிறது. வென்றவன் யார் என்பதைவிட, வெல்லத்தக்க அளவுக்குச் சிறந்திருந்தது அச்சாலை என்பதே இரு மொழியாரும் சேர்ந்து மகிழத்தக்க செய்தி.

இவ்வாராய்ச்சியில் ஈடுபட்ட அறிஞரின் வரலாறும் அதையே உணர்த்துகிறது. திருவனந்தபுரத்து மகாராசாக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராயிருந்த மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை, திருவிதாங்கூர்க் கல்வெட்டுக்களைத் தேடிப் படித்து அந்நாட்டுப் பண்டை மன்னர் வரலாற்றை எழுதினார். தேரூரிற் பிறந்து திருவனந்தபுரத்தில் ஆசிரியராயிருந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, காந்தளூர்ச் சாலை என்ற பெயரிலேயே ஓர் ஆராய்ச்சி நூல் இயற்றினார். மலையாளப் பேராசிரியர் இளங்குளம் குஞ்ஞன் பிள்ளை தமிழ்க் கல்வெட்டுக்களையும் சங்க நூல்களையும் துருவி ஆராய்ந்து கேரள வரலாற்றை வரைந்தார். தமிழர் கேரளத்தின் பழமையைத் துலக்கினர். மலையாளி தமிழ் நூல்களில் தம் பழமையைக் கண்டார். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநில எல்லைகள் வரையறுக்கப்பட்டன. சொற்களுக்கு அந்த எல்லை பொருந்தவில்லை.

சொற்களும் நம்மைப் போலவே குடிபெயர்கின்றன. நம் கட்டுமரம் ஆங்கிலத்தில் 'கேட்டமரன்' ஆயிற்று. கடலோடியாகிய வில்லியம் டாம்பியர் 1697-ஆம் ஆண்டில் வெளியிட்ட பயண நூலில் அச்சொல்லைக் காணலாம். மரங்களைப் பிணைத்துக் கட்டிய மிதவைக்குரிய அப்பெயரை இன்று மேனாட்டார் இரட்டை உடல் கொண்ட விரைவுக் கப்பலுக்கு இடுகின்றனர். போன இடத்தில் புதுத்தொழில் கற்றுக்கொண்டது அச்சொல். வெசல் என்பதும் வளர்ந்துகொண்டே போகிறது. கடலில் மோதல் தவிர்ப்பதற்காக 1972-இல் வகுக்கப்பட்ட பன்னாட்டு விதிகளின்படி, நீரில் போக்குவரத்துக்குப் பயன்படும் ஊர்தி எதுவாயினும் அது வெசலே. நீரில் இறங்கும் விமானமும் அதில் அடங்கும். உடலில் குருதி ஓடும் குழாயையும் ஆங்கிலேயர் வெசல் என்பர்.

கலமும் பின்தங்கிவிடவில்லை. மின்சாரத்தைச் சேமிப்பது மின்கலம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் உயிரணுவுக்குக் கலம் என்று பெயர். குருதிக் குழாயைக் குருதிக்கலன் என்று அங்கே எழுதுகின்றனர். ஆங்கிலச் சொல் நடந்த அதே வழியில் தமிழ்ச் சொல்லும் நடந்திருக்கிறது. வானத்தில் செல்வது விண்கலம். சாலையிலிருந்து சில கல் தொலைவிலுள்ள தும்பைக் கடற்கரையில், மீனவர் கட்டுமரம் தள்ளிய மணலிலிருந்து, 1963 நவம்பர் 21-ஆம் நாள் முதல் ஏவூர்தி விண்ணில் எழுந்தது. தெற்கே விழிஞத்தில் 2024 சூலைத் திங்களில் முதற் பெருஞ்சரக்குக் கப்பல் வந்தணைந்தது. 2025 மே 2-ஆம் நாள் அத்துறைமுகம் நாட்டுக்கு உரித்தாக்கப்பட்டது. சோழரும் பாண்டியரும் விரும்பிய துறையில் மீண்டும் கலங்கள் நிற்கின்றன.

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பது நம் பழமொழி. அதிலும் பாத்திரம் என்பது ஏந்திய ஓட்டையும் குறிக்கும், ஏந்தியவனின் தகுதியையும் குறிக்கும். சொல்லைப் பயன்படுத்துவோர்க்கும் இப்பழமொழி பொருந்தும். சொல்லும் ஒரு பாத்திரமே. அதில் முன்னோர் எதை வைத்தார்கள் என்பதை மூடி திறந்து பார்த்த பின்னரே பரிமாற வேண்டும். வேற்று மொழிச் சூழலில் வளரும் நம் பிள்ளைகளுக்குக் கலம் என்றால் பானை என்று மட்டும் தெரிந்தால் அவர்கள் கடலை இழப்பர். கப்பல் என்று மட்டும் தெரிந்தால் அடுப்பங்கரையை இழப்பர். இரண்டையும் சொல்லிக் கொடுப்போமாக. அடுத்த வீட்டு மொழியில் அதே சொல் எவ்வாறு வாழ்கிறது என்பதையும் கேட்டறியச் செய்வோமாக. அங்ஙனம் செய்தால், வந்தேறிய நாட்டில் வாழ்வதற்கும் பிறந்த மொழியை மறவாதிருப்பதற்கும் ஒரே கலம் போதும்.